காவல் மிளகு

மிளகைக் கைது செய்து கூட்டிக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். இரண்டு பக்கமும் குதிரை வீரர்கள், நடுவில் ஒட்டகங்கள், ஒட்டகங்களின் மேல் எங்கள் தெரு மிளகு மூட்டைகள். முன்னால் ஒருவன் முரசு அடித்துக்கொண்டே போனான். கொலைகாரனைக்கூடத் தலை வெட்டுகிற ஸுவைலா வாசலுக்கு இத்தனை மரியாதையாக அழைத்துப் போனதில்லை.

அந்த வருஷம் எங்கள் சுல்தானுக்கு மிளகின் மேல் ஆசை வந்திருந்தது. மலபாரில் ஏறி, ஜித்தாவில் இறங்கி, கெய்ரோ வழியாக வெனிஸ்காரனின் கப்பலுக்குப் போகிற மிளகு ஒவ்வொன்றும் தன் கை வழியாகத்தான் போகவேண்டும் என்று தோன்றிவிட்டது. கடைக்காரன் எவனும் மிளகு விற்கக்கூடாது. கையில் இருப்பதையெல்லாம் எடைபோட்டு சுல்தானின் கிடங்குக்கு எடுத்துப் போவார்கள். எல்லாம் சரிபார்த்து முடியும்வரை கடைகளுக்கு முத்திரை. இதைத் தெருவில் கூவிச் சொன்னவன், சொல்லி முடித்த கையோடு என் கடைக்கு வந்து வீட்டுக்குக் கொஞ்சம் கராம்பு கேட்டான். சும்மாத்தான் கேட்டான். கொடுத்தேன். எப்படியும் முத்திரைக்குள் கிடந்து மட்கப்போகிற சரக்கு.

என் பெயர் புர்ஹான். வாசனைச் சரக்குத் தெருவில் என் தகப்பனார் விட்டுப்போன கடையை நடத்துகிறேன். மிளகு, சுக்கு, ஏலம், குங்குமப்பூ, மருந்து வேர்கள், அப்புறம் செத்தவர்களுக்கு வேண்டிய கற்பூரம். என் மனைவி ஜுவைரியாவுக்கும் அந்தக் கற்பூரத்துக்கும் நெருங்கின உறவு. அவள் மையித்துக் குளிப்பாட்டுகிறவள். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் ஒரு பெண் செத்தாலும் முதலில் அழுகுரல் கேட்கும், அடுத்தது எங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எங்கள் ஊரில் ஒரு ஆணை அவன் மகன் பெயரை வைத்து இன்னாருடைய வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என்னைக் கஸ்தூரி வாப்பா என்று கூப்பிடுவாள்.

"கடையில அதுதானே உங்களுக்குச் செல்லப் பிள்ளை. நாள் முழுக்க மூடியைத் தொறந்து தொறந்து கொஞ்சுறீங்க" என்பாள், நாலு பேர் முன்னால். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இலந்தை இலை போட்ட தண்ணீரில் முதலில் குளிப்பாட்டுவார்கள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைப்பார்கள். அவளுக்கு அந்தக் கடைசித் தண்ணீர்தான் முக்கியம்.

"அதுவரைக்கும் அது வெறும் செத்த உடம்புங்க" என்பாள். "கற்பூரத் தண்ணி விழுந்ததும் எங்கியோ விருந்துக்குக் கெளம்புற பொண்ணு மாதிரி ஆயிடும். நீங்க பாத்ததில்ல, உங்களுக்குத் தெரியாது."

வசதி இல்லாத வீட்டில் கற்பூரம் வாங்க மாட்டார்கள். அங்கெல்லாம் என் கடைக் கற்பூரம்தான் போகும். கேட்டு எடுத்துப்போன வழக்கமே இல்லை. நான் சத்தம் போடுவேன். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். கொஞ்ச நாளில் சத்தம் போடுவதும் பழக்கமாகிவிட்டது, எடுப்பதும் பழக்கமாகிவிட்டது.

ஒருமுறை ஒரு பெரிய அமீரின் தாயார் இறந்துபோனார். ஜுவைரியாதான் போய்க் குளிப்பாட்டினாள். கூலியாகப் பொற்காசு நீட்டினார்களாம். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டில் மிச்சம் இருந்த ஃபன்சூர் கற்பூரத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். கடலுக்கு அப்பால் தீவுகளில் மரத்தின் வயிற்றைப் பிளந்து எடுக்கிற சரக்கு அது. என் கடையில் அதை நான் வைத்ததே இல்லை, வாங்க ஆளும் இல்லை. கட்டித் தயிர் போல ஒரு துண்டு, அவள் உள்ளங்கை நிறைய இருந்தது.

"இது எனக்கு" என்றாள். "என் கடைசித் தண்ணிக்கு. கடையில வெச்சிடுங்க. வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது, எவளாவது ஏழை செத்தா தூக்கிக் குடுத்துடுவேன். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

சொன்ன மாதிரியே வந்து கேட்கவும் செய்தாள். ஒரு தண்ணீர் சுமக்கிறவனின் மகள், கல்யாணத்துக்கு முதல் வாரம் காய்ச்சலில் போய்விட்டாள். "இந்த ஒரு தடவை" என்று கடை வாசலில் வந்து நின்று அழுதாள். நான் கொடுக்கவில்லை. வேறு கற்பூரம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் எனக்குப் பிடித்த பேரீச்சம்பழப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். அதுதான் அவள் நன்றி சொல்கிற விதம்.

கற்பூரத்தைச் சும்மா வைக்க முடியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் தேயும், ஒருநாள் திறந்தால் ஒன்றும் இருக்காது. அதனால் மிளகோடு சேர்த்துப் புதைத்து வைப்போம். எங்கள் தெருவில் கற்பூரத்தை மருமகள் என்றும் மிளகை மாமியார் என்றும் கேலி பேசுவார்கள். மாமியார் கண்ணில் இருக்கிறவரை மருமகள் வாசல் தாண்ட மாட்டாள். நான் அத்திமரப் பெட்டி ஒன்றில் நல்ல கறுத்த மிளகாக நிரப்பி, நடுவில் அந்தத் துண்டை வைத்து, கை எட்டாத உயரத்தில் ஒரு பலகையில் ஏற்றிவிட்டேன். வருஷக்கணக்காக அது அங்கேயே இருந்தது. அவ்வப்போது திறந்து பார்ப்பேன், குறையவே இல்லை.

முத்திரை வந்த வருஷம் கோடைக்கு முன்பே ஜுவைரியா படுத்துவிட்டாள். வயிறு மட்டும் வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டது. மருத்துவர் வந்தார், கஷாயம் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒருநாள் நான் நீட்டிய காசை வாங்காமல், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். காசு வேண்டாம் என்று அவர் சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் கடைக்கு வந்த கணக்கர் பெயர் அஸ்அத். மெலிந்த மனிதர், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. மிளகுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. மிளகு பறிமுதல் செய்ய அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். கூட யஷ்பக் என்று ஒரு துருக்கிச் சிப்பாய். எங்கள் பேச்சில் அவனுக்குத் தெரிந்தது 'எடு', 'போ', 'வாயை மூடு'. அவன் வேலைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மூட்டைகளைக் கட்டி வெளியே எடுத்தார்கள். கடைசி மூட்டை பாதிதான் நிரம்பியிருந்தது. அதன் மூலை கிழிந்து போயிருந்ததை ஜுவைரியா தன் பழைய நீல முக்காட்டைக் கத்தரித்து ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தாள். அஸ்அத் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்.

"அந்தப் பெட்டியில என்ன, முஅல்லிம்?" கடை முதலாளியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கற்பூரம்."

"எறக்குங்க."

இறக்கித் திறந்தேன். மேலே மிளகுதான் தெரியும், வேறென்ன தெரியும்.

"இது மிளகு இல்லியா?"

"மிளகுதான். கற்பூரத்துக்குக் காவலுக்குப் போட்டிருக்கேன். விக்கிற மிளகு இல்ல, கணக்கரே."

"கற்பூரத்துக்கு எதுக்குக் காவல்? யாரு திருட வரப் போறா?"

"காத்து."

யஷ்பக் என்ன என்று கேட்டான். அஸ்அத் துருக்கியில் சொன்னார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஏதோ சொன்னான்.

"காத்துகிட்டயும் வரி வாங்கச் சொல்லி சுல்தான்கிட்ட சொல்றாராம்" என்றார் அஸ்அத். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு ரெண்டு பிடி மிளகுங்க. என் வீட்டுக்காரி மையித்துக்குன்னு எடுத்து வெச்ச கற்பூரம் உள்ள இருக்கு. மிளகை எடுத்தா அது தங்காது."

"வீட்டுல தவறிட்டாங்களா?"

"இல்ல. படுத்திருக்கா."

"அப்புறம் என்ன அவசரம்?"

இன்னும் சாகவில்லை என்றால் அவசரம் இல்லை, செத்துவிட்டால் பிரயோசனம் இல்லை. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"சரி, மிளகை எடுத்துக்கங்க. கற்பூரத்தை மட்டும் நான் கையில எடுத்துட்டுப் போறேன்."

"முத்திரை வெக்கிறதுக்கு முன்னாடி கடையிலேர்ந்து எதுவும் வெளிய போகக்கூடாது."

"வெச்ச பிறகு?"

"வெச்ச பிறகு எப்படிங்க எடுப்பீங்க?" தன் பேச்சு தனக்கே உதைத்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டார். "நான் என்ன முஅல்லிம் பண்ணட்டும். ஒரு மிளகு விட்டுப்போச்சுன்னு எவனாவது போட்டுக் குடுத்தா என் கையில விரல் மிஞ்சாது."

முந்தின நாள் நாலு கடை தள்ளி ஒருவர் தலைப்பாகைக்குள் குங்குமப்பூ முடிச்சை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரை நடுத்தெருவில் படுக்கவைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருந்தது. நான் சும்மா நின்றேன்.

யஷ்பக் பெட்டியை வாங்கி நீல ஒட்டுப் போட்ட மூட்டைக்குள் கவிழ்த்தான். மிளகு சளசளவென்று கொட்டியது, கூடவே கற்பூரத் துண்டும் விழுந்தது. அஸ்அத் அதை மட்டும் பொறுக்கி, துடைத்து, வெறும் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் பதமாக மூடி, பழைய பலகையிலேயே வைத்தார். அவ்வளவு நேர்மை. மூட்டையின் வாயை என்னையே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கதவைச் சாத்தி, கயிறு கட்டி, ஈரக் களிமண்ணை அப்பி, சுல்தானின் முத்திரையை அழுத்தினார்கள். களிமண் கண் முன்னாலேயே காய்ந்தது. அப்படி ஒரு வெயில்.

வீட்டில் ஜுவைரியா ஜன்னலோரம் படுத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டானுங்களா?"

"மிளகு பூரா."

"பெட்டியில இருந்ததுமா?"

பூசி மெழுகத்தான் நினைத்தேன். அவளிடம் அது நடக்காது. நடந்ததை அப்படியே சொன்னேன். காத்துக்கு வரி போடுகிற கதையைச் சொன்னபோது சிரித்தாள், சிரித்தால் வயிறு வலிக்கும், இருந்தும் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கஸ்தூரி வாப்பா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லணும். மிளகு இல்லாம அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"இந்த வெயிலுக்கா?"

"இந்த வெயிலுக்குத்தான்."

"நைல்ல தண்ணி ஏறுறதுக்குள்ள போயிடும்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது, என்ன கணக்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப நான் சீக்கிரம் கெளம்பணும்" என்றாள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம். "முத்திரையை நான் தொறக்க வெக்கிறேன். நீ பாட்டுக்கு இரு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் கோழிகள் பறந்தன.

மறுநாள் முதல் செருப்புத் தேய நடந்தேன். எங்கள் தெருத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடையும் முத்திரையில்தான் இருந்தது. "எனக்கே கதி இல்ல, நீ என்கிட்ட வர்றியா" என்று சொல்லி, உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். சந்தை அதிகாரியின் வாசலில் காத்திருந்தேன். இன்று இல்லை, நாளைக்கு என்றார்கள். நாளைக்குப் போனால் கோட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கோட்டை வாசலில் காவல்காரன், காரியம் என்ன என்று கேட்டான். கற்பூரம் என்றேன். பைத்தியம் என்று நினைத்து, நல்லபடியாகப் பேசி அனுப்பிவைத்தான். யாருக்காவது கையில் எதையாவது திணிக்கலாம் என்றால், திணிப்பதற்குரியதெல்லாம் கடைக்குள் இருந்தது. மற்ற தெருக்களில் கற்பூரம் தேடினேன். சரக்கு வைத்திருந்த எல்லோர் கடையிலும் முத்திரை. அமீர்களின் வீடுகளில் இருக்கும். அங்கே கேட்க நான் யார்?

தினமும் வீட்டுக்குத் திரும்புமுன் கடை வாசலுக்குப் போவேன். கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். வாசனை வந்தது. என் கடையில் மட்டும் இல்லை, தெரு முழுக்க ஒவ்வொரு கதவு இடுக்கிலிருந்தும் வந்தது. எல்லோர் வீட்டு மருமகளும் ஒரே சமயத்தில் கிளம்பிவிட்டார்கள். கழுதைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்னப்பா தெருவா, மையித்து வீடா" என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் சட்டைக் கையைக் கதவில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஜுவைரியா கையை நீட்டுவாள். நான் சட்டைக் கையை அவள் மூக்கருகில் வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள்.

"இருக்கு" என்பாள். "நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு கஞ்சி குடிப்பாள். அந்த ஒன்றுக்காகவாவது கஞ்சி இறங்கியது. ஆனால் அவள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். கஷாயத்தை ஜன்னல் வழியே ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அது இருக்கும்போதே போயிட்டா நல்லதுதானே. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றாள், ஏதோ சந்தைக்குப் போய்வருகிறவள் மாதிரி. நான் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நோயாளி அவள்.

கஷாயத்தைக் கையில் பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள், இருந்தால் கற்பூரம் தீரும். குடிக்காவிட்டால் கற்பூரம் மிஞ்சும், அவள் மிஞ்ச மாட்டாள். எதற்காக நான் ஓடுகிறேன் என்றே எனக்குப் புரியாமல் போய்விட்டது.

நைலில் தண்ணீர் ஏறத் தொடங்கி நிறம் மாறின சமயம். ஒரு சாயங்காலம் கதவு இடுக்கில் மூக்கை வைத்தேன். ஒன்றும் இல்லை. தூசி வாசனை, காய்ந்த களிமண் வாசனை. மூக்கைக் கசக்கிக்கொண்டு மறுபடி வைத்தேன். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எதிர்க்கடைத் திண்டில் உட்கார்ந்திருந்த காவல்காரன், "வீட்டுக்குப் போங்க முஅல்லிம்" என்று மெதுவாகச் சொன்னான்.

வழக்கம்போலச் சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டுதான் போனேன். ஜுவைரியா கையை நீட்டினாள். சட்டைக் கையை அவள் மூக்கருகில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இழுத்தாள். வாழ்நாள் முழுக்க அந்த வாசனையில் புழங்கினவள், அவளை யார் ஏமாற்ற முடியும்?

"இருக்கு" என்றாள். "நல்லா இருக்குங்க. இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாவே இருக்கு."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குக் கஞ்சியும் குடித்தாள், கஷாயமும் குடித்தாள், அடம்பிடிக்கவே இல்லை. இனி அவசரம் ஒன்றும் இல்லை அல்லவா.

அந்த வாரமே ஒரு நண்பகலில் போய்விட்டாள்.

குளிப்பாட்ட உம் ஹசீப் வந்தாள், ஜுவைரியாவோடு கூடப் போய் வேலை பழகினவள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே நானும் என் தம்பி ஷாக்கிரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு கதவு கொஞ்சம் திறந்து உம் ஹசீப்பின் ஈரக் கை வெளியே நீண்டது.

"அண்ணே, கற்பூரம்."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கடைசித் தண்ணி. கற்பூரத்தைக் குடுங்க, ஆறிடும்."

"இல்லம்மா" என்றேன்.

கை அப்படியே நின்றது. அவளுக்கு நம்ப முடியவில்லை. சரக்குக் கடைக்காரன் வீட்டில், ஜுவைரியாவின் மையித்தில் கற்பூரம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பிறகு கை உள்ளே போய்விட்டது. "பரவால்ல அண்ணே. தண்ணியே போதும், படைச்சவனுக்குத் தெரியும்" என்று உள்ளிருந்து சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். போதாது என்று ஜுவைரியா ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்.

ஏழை எளியவர்கள் ஏராளமாக வந்தார்கள். ஜனாஸாவைச் சுமக்க ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் சுமக்கிறவனும் வந்திருந்தான். தூக்கிக்கொண்டு போகும்போது வெறும் ஈரத் துணி வாசனைதான் என் மூக்குக்கு வந்தது.

நைல் நிரம்பி வழிந்த பிறகு முத்திரையை எடுத்தார்கள். பெட்டியை இறக்கித் திறந்தேன். மரத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம், அவ்வளவுதான். விரலால் தொட்டேன், அதுவும் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். எங்கள் ஊர்க்காரன் யாரைக் கேட்டாலும் உண்மை என்பான். சுல்தானின் கிடங்கில் மிளகு மலை மாதிரி குவிந்துவிட்டதாம், வெனிஸ்காரன் அந்த விலைக்கு வாங்க மாட்டேன் என்றானாம். அதனால் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கியே தீரவேண்டும் என்று உத்தரவு வந்தது. எடுத்துக்கொண்டு போனபோது அவர்கள் போட்ட விலை ஒன்று, இப்போது சொன்ன விலை வேறு. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கழுதை மேல் வந்து என் கடை வாசலில் இறங்கிய மூட்டையின் மூலையில் நீல ஒட்டு இருந்தது.

கட்டைக்கூட அவிழ்க்கவில்லை அவர்கள். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அஸ்அத்தான் கொண்டுவந்திருந்தார். ஒட்டைக் காட்டி, "இது என் மூட்டைதானே" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சுல்தானோட மூட்டை, முஅல்லிம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

நான் அந்த நீல ஒட்டையே தடவிக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்திருக்கும், அப்புறம் கண்ணை நிமிர்த்தவே இல்லை.

மூட்டையைக் கடையின் பின்பக்கம் இழுத்துப்போட்டு ஒரு சாக்கால் மூடினேன். திறக்க மனசு வரவில்லை. அந்த நீலத் துணியில் அவள் தையல் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு அதற்குக் கீழே இருக்கிறதை அள்ளி விற்க என்னால் முடியாது. பணம் கேட்டு வசூல்காரர்கள் தெருவில் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். வரட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை அவளை அடக்கின மையவாடிக்குப் போனேன். ஷாக்கிர் கடையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், உள்ளங்காலில் அடிபட அவனுக்கு இஷ்டம் இல்லை. நான் திரும்பி வந்தபோது சாக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எங்கடா மூட்டை?"

"வித்துட்டேன் அண்ணே. சோத்துக்கடை மிஸ்பாஹ் மொத்தமா எடுத்துக்கிட்டான். வசூல்காரன் நாளைக்கு வர்றான், வேற வழியில்ல. என்ன அப்படிப் பாக்குறே? மிளகுதானே அண்ணே?"

மிளகுதான். அவன் மேல் என்ன தப்பு? ஒட்டுப் போட்ட சாக்கையாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மிஸ்பாஹ் தானே வந்துவிட்டான். கையில் கரண்டி, முகத்தில் வியர்வை, அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தான்.

"என்ன முஅல்லிம் இப்படிப் பண்ணிட்டீங்க. உங்க கடைன்னு நம்பித்தானே வாங்கினேன்" என்று வாசலிலேயே ஆரம்பித்தான். "மூணு நாளா வாடிக்கை ஒவ்வொருத்தனா வந்து முறைக்கிறான். கறியில மையித்து வாசனை அடிக்குதாம். ஒருத்தன் கேக்குறான், ஆட்டைக் குளிப்பாட்டி கபன் துணி போட்டா அறுத்தீங்கன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

நான் எழுந்துவிட்டேன். மூட்டையின் வாய்ப்பக்கம் யஷ்பக் கவிழ்த்தது, அத்தனை வருஷம் அவளுடைய கற்பூரத்தை அணைத்துக்கொண்டு கிடந்த மிளகு. கட்டின முடிச்சு அவிழாமல், கிடங்கின் இருட்டில், வாசனையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. என் கடையின் பின்பக்கத்தில், சாக்குக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

"மிச்சம் இருக்கா மிஸ்பாஹ்? மேலாக இருந்த மிளகு, இருக்கா?"

"மேலாக இருந்ததைத்தானே மொதல்ல எடுப்போம். எல்லாத்தையும் அரைச்சாச்சு. கடைசிப் பிடி இன்னைக்குக் காலைக் குழம்புல விழுந்துச்சு. இப்ப அடியில இருக்கிறது சுத்தமா இருக்கு, அதனாலதான் சண்டை போடாம பேசிட்டு இருக்கேன்."

அவனோடு சோற்றுக்கடைக்கு நடந்தேன். அண்டா அடுப்பின் மேல் இருந்தது, கீழே தணல் மட்டும். சுவரோரம் நாலைந்து பேர் ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மூக்கைச் சுளித்துக்கொண்டே தின்றான். மிஸ்பாஹ் மூடியைத் தூக்கினான். ஆட்டுக் கொழுப்பு, வெங்காயம், மல்லி, எல்லாவற்றுக்கும் மேலே அது. என் சட்டைக் கையில் அவள் இழுத்து இழுத்துப் பார்த்த அதே வாசனை. இருக்கு, நல்லா இருக்கு.

"ஒரு கிண்ணம் குடு" என்றேன்.

"காசெல்லாம் வேண்டாம். எப்படியும் நாய்க்குத்தான் ஊத்தணும்" என்று சொல்லி விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தான்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. வாய்க்குக் கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. கீழே ஊற்றலாம் என்று குனிந்தேன், கை சாயவில்லை. மையவாடிக்கு எடுத்துப் போகலாம், போய் என்ன செய்வது, ஆட்டுக்குழம்பை அவள் மேல் ஊற்றுவதா? தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். எதிரே வந்தவர்கள் கிண்ணத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள், நோயாளிக்கு எடுத்துப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னாலிருந்து மிஸ்பாஹ் கூப்பிட்டான்.

"கிண்ணத்தை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க, முஅல்லிம்."